உடம்பில் தங்காத எண்ணெய்

மேல் வீட்டுத் தனபாக்கியம் என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டியது, அவள் மருமகள் போய்விட்டு வந்த கக்கூஸை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன், கண்ணைப் பொத்தவில்லை. மலத்தைச் சுற்றி எண்ணெய் மஞ்சளாய் மிதந்தது.

"பாத்தீங்களாக்கா? பிள்ளை உண்டாகணும்னு வைட்டமின் ஈ மாத்திரை குடுக்கறேன். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய்னு அதுக்கு மேல ஊத்தறேன். அத்தனையும் வெளிய வருது. இவ வயித்துல என்னதான் தங்கும்? வெள்ளிக்கிழமை அவ அப்பன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடப்போறேன்."

மருமகள் இன்பவல்லி பின்னாலேயே நின்றிருந்தாள். அவள் உதட்டோரம் இன்னும் எண்ணெய் மினுங்கியது.

"வைட்டமின் ஈ-ல எல்லா வகையையும் ஈரல் வச்சுக்காதாம் அத்தை. ஒரு வகையை மட்டும் பிடிச்சு வச்சுக்கிட்டு மத்ததைத் தள்ளிடுமாம். டாக்டர் சொன்னாரு. அந்த மாத்திரையையே அவர் உங்க மகனுக்குத்தானே எழுதினாரு?"

கூடத்தில் தோசை தின்றுகொண்டிருந்த மகன் குலோத்துங்கன் மெல்லுவதை நிறுத்தினான். கொஞ்சம் கழித்து இன்னும் சட்னி கேட்டான்.

"ஆம்பளைக்கு எதுக்குடி மாத்திரை?" என்று தனபாக்கியம் ஒரு பச்சை மாத்திரையை எடுத்து மருமகள் வாயில் திணித்தாள். இன்பவல்லி விழுங்கவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய் அதைப் புருஷன் தட்டில் துப்பினாள். எச்சில் நூலோடு அது சட்னிக்கு நடுவில் உட்கார்ந்தது.

"இதை நீங்க முழுங்குங்க. இல்லேன்னா நான் வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்க மாட்டேன்."

குலோத்துங்கன் அம்மாவைப் பார்த்தான். பிறகு குனிந்து, மாத்திரையைத் தொடாமல், அதைச் சுற்றியிருந்த சட்னியை மட்டும் தோசையால் வழித்துத் தின்னத் தொடங்கினான்.