நிற்காத ரத்தம்

"இன்னா டாக்டரே, எங்க ஊட்டு மருமக வாய் ஆறிச்சா இல்லியா? ஒரே வார்த்தையா சொல்லிடுங்க" என்றாள் வேம்புலியம்மாள், பூந்தமல்லி பல் வைத்தியர் தேவராஜின் அறை வாசலில் நின்றபடி. கரையான்சாவடியிலிருந்து ஜட்காவில் வந்திருந்தாள்.

உள்ளே நாற்காலியில் மருமகள் தாட்சாயிணி. பக்கத்தில் அவள் தாய் முத்தம்மாள்.

மருமகள் துப்பிய எச்சிலில் ரத்தத்தைப் பார்த்த அன்றே, "ரத்தம் கக்கறவ என் அடுப்பைத் தொடக்கூடாது" என்று அவளை மண்ணூர்பேட்டைக்கு, தாய் வீட்டுக்கு, அனுப்பிவிட்டாள் வேம்புலியம்மாள். "காசம் இல்லேம்மா, ஈறு வியாதிதான்" என்று தேவராஜ் சொல்லியும் கேட்கவில்லை. ரத்தம் நின்றால்தான் சேர்ப்பாளாம்.

"கோச்சுக்காதீங்க சம்மந்தி. அவ உங்க ஊட்டுல வாழணும்னுதான் ஒவ்வொரு தபாவும் அம்மாந்தூரம் நடத்திக் கூட்டியாறேன்" என்று முத்தம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

"நடந்தா ஆச்சா? எம் புள்ள ஒத்தையா கீறான். இன்னிக்கும் ரத்தம் வந்துச்சுன்னா வேற பொண்ணு பார்த்துடுவேன்."

"ஐயோ, அந்த வார்த்தை மட்டும் வேணாம்!"

அந்நிய ஆண் வயசுப் பெண்ணின் முகத்தைத் தொடக்கூடாது. அதனால் எப்போதும்போல முத்தம்மாளே மகளின் உதட்டைத் தூக்கிப் பிடித்தாள். கோடு போட்ட மெல்லிய கம்பியைத் தேவராஜ் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இறக்கினார். முதலில் வந்தபோது கோடுகள் எல்லாம் உள்ளே மறைந்தன. இன்றைக்கு நுனி மட்டும்தான் இறங்கியது. பல் ஆடவில்லை. சீழ் இல்லை, நாற்றமும் இல்லை.

ஆனால் முன்பல் ஈறில் சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது.

"ஆழம் நல்லாவே குறைஞ்சிருக்கு. ஆனா, அது நடந்து முடிஞ்சதைத்தான் சொல்லும். வியாதி இப்ப ஓடுதா ஓஞ்சுதான்னு ரத்தம்தான் சொல்லணும்" என்ற தேவராஜ் கம்பியைத் துடைத்து வைத்தார். "இன்னும் ஓயலேம்மா. யுத்தத்தாலே சீமை மருந்தும் வர்றதில்லே. வெறும் உப்புத் தண்ணியிலே எவ்வளவு முடியும்?"

"போதும் சாமி. எங்களுக்கு இவ வேணாம், பஞ்சாயத்துல அத்து உட்டுடறோம்" என்று சொல்லிவிட்டு வேம்புலியம்மாள் ஜட்காவில் ஏறினாள்.

முத்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தேவராஜால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என்னாலே உம் பொண்ணு வாழ்க்கை போச்சேம்மா" என்றார்.

ஜட்கா கண்ணுக்கு மறையும்வரை முத்தம்மாள் அழுதாள். பிறகு மகளைச் சாலையோரப் புளியமர நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் ஊற்றி வாயைக் கழுவினாள்.

"ரொம்ப வலிச்சுதாடி? நாமளா அனுப்ப மாட்டோம்னு சொல்லியிருந்தா, உன் முதுகுல கொள்ளிக்கட்டையால சுட்ட புருசங்கிட்டயே பஞ்சாயத்து உன்னைத் திருப்பி அனுப்பியிருக்கும் கண்ணு. இப்ப அவங்களே வேணாம்னுட்டாங்க" என்ற முத்தம்மாள், வைத்தியர் அறைக்குள் நுழையும் முன் மகளின் ஈறில் தானே குத்திய கருவேல முள்ளை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து வீசினாள்.