இறக்கை ஒடிந்த பறவை

அந்தப் பறவைக்கு இறக்கை ஒடிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தது அத்தான்தான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். இந்தச் சேற்றுவெளியை மண் கொட்டி நிரப்பிக் கிடங்கு கட்டப்போகும் கம்பெனியின் இன்ஜினியர். வீட்டில் எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் காக்கா டாக்டர். கரைப்பறவைகளைப் பற்றிப் படித்து நான் வாங்கிய பட்டத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

இன்று எங்கள் இருவருக்கும் நடுவில் வனத்துறை அதிகாரி அம்மா. அவர் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. குளிருக்கு வந்து போகிற பறவைகள் மட்டும்தான் என்றால் நாளைக்கே லாரி வரும். ஒரு ஜோடியாவது இங்கேயே தங்கிக் குஞ்சு பொரிக்கிறது என்றால் ஒரு கூடை மண்கூட விழக்கூடாது.

கொளுத்துகிற வெயிலில் ஓரத்து மணல் திட்டில் நின்றோம். வந்த பறவைகளெல்லாம் எப்போதோ வடக்கே போய்விட்டன. உப்புக்கொத்தி என்கிற சின்னப் பறவை மட்டும் போகாது, இங்கேயே குடித்தனம் நடத்துகிறது என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். கூடு எங்கே என்றார் அதிகாரி. காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அது வந்தது. கைக்குள் அடங்கும் ஓர் உப்புக்கொத்தி, அத்தானுக்கு முன்னால், ஒரு பக்க இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு கீச்சுக் கீச்சென்று தவழ்ந்தது.

"பாத்தீங்களா மேடம்? இறக்கை ஒடிஞ்சுபோச்சு, அதான் கூட்டத்தோட போக முடியல. இதப் போய் குடியிருக்குன்னு சொல்றா!"

அதிகாரி பாவம் என்று உச்சுக்கொட்டினார்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தோற்றதில் மறை கழன்றுவிட்டது என்று அத்தான் நினைத்திருப்பார். பறவையைப் பிடித்துக் காட்டக் காலைத் தூக்கினார்.

"அத்தான், தூக்கின கால கீழ வைக்காதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் அப்படியே ஒற்றைக்காலில் நின்றுவிட்டார்.

அதிகாரி மட்டும் பறவையின் பின்னால் போனார். அது நொண்டி நொண்டி அவரைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போயிற்று. பிறகு இரண்டு இறக்கைகளையும் விரித்து ஜம்மென்று பறந்தது.

அதிகாரி வாயைப் பிளந்தபடி திரும்பினார்.

கூட்டுக்குப் பக்கத்தில் ஆள் வந்தால் இறக்கை ஒடிந்ததுபோல் நடித்துத் தூர இழுத்துக்கொண்டு போவது அதன் தந்திரம். நான் குனிந்து தேடினேன். அந்தத் தாய் யாரைப் பார்த்துப் பதறினாளோ அவர் காலடியில்தான் இருக்க வேண்டும்.

இருந்தது. தூக்கிய ஷூவுக்கு நேர் கீழே, மணலோடு மணலாக, புள்ளி போட்ட மூன்று முட்டைகள்.

அதிகாரி பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். லாரி வராது.

அத்தான் தள்ளாடிக்கொண்டே என் தோளைப் பிடித்தார்.

"டாக்டர், இப்ப நான் கால எங்க வைக்கட்டும்?"