கல்லுக்கை

"இன்னிக்கும் தூங்க மாட்டேங்குது தம்பி. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

கல்லுக்கை அப்படிச் சொன்னதும் எதிரே நின்றவரின் முகம் தொங்கிப்போனது. பாவம், மூன்று வாரத்தில் மூன்றாவது முறையாக இதையே கேட்கிறார் மனிதர்.

காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறை அது. அவர் கொண்டுவந்திருந்தது பேனா பருமனில் ஒரு சால்டரிங் அயர்ன், ஈயத்தை உருக்கிக் கம்பி ஒட்டுகிற கருவி. சட்டைப்பையில் செருகிக்கொண்டு போகலாம், வேண்டிய சூட்டை வைத்துக்கொள்ளலாம். அவரும் மனைவியும் வாடகை மாடி ஒன்றில் உட்கார்ந்து இரண்டு வருஷமாக மாரடித்து உருவாக்கியது. ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால் தானே சூட்டைக் குறைத்துக்கொண்டு தூங்கிவிடும், குட்டித் திரையில் பிறை நிலா வரும். அசைத்தால் விழித்துக்கொள்ளும்.

மேசையில் வைத்தால் சமர்த்தாகத் தூங்கியது. சூடும் வைத்த அளவில் நூல் பிசகாமல் நின்றது. ஆனால் கல்லுக்கையின் சோதனை வேறு. முழங்கையை மேசையில் ஊன்றி, வேலை செய்கிற மாதிரியே பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பாள். அவள் கையிலேயே அது தூங்க வேண்டும். முன்பு ஒருத்தி அயர்னைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து மணிக்கட்டை வேகவைத்துக்கொண்டதிலிருந்து அவளே கொண்டுவந்த சோதனை அது.

மற்றவர்கள் செய்ய முடியாத சோதனை என்று இல்லை. ஆனால் அவள் கை இருக்கும்போது வேறு கை எதற்கு? தலைமுடியை விட மெல்லிய கம்பியைக் குறி தப்பாமல் ஒட்டுகிற, கல் மாதிரி அசையாத கை. பட்டறையில் பாதிப் பேருக்கு அவள் சொந்தப் பெயரே தெரியாது. கல்லுக்கைதான்.

"அக்கா, அசைவை உணர்ற சென்சாரை ரெண்டு தடவை மட்டுப்படுத்திட்டேன். இதுக்கு மேல குறைச்சா, தூக்கி ஆட்டினாக்கூட முழிக்காது," என்றார் அவர்.

"அதுக்காக நான் வேணும்னா சொல்றேன்? நீங்களே பாருங்க, நிலா எங்க?"

"உங்களைக் குத்தம் சொல்லலைக்கா," என்றார் அவர். "நாங்க ஏறி இறங்காத இடமில்லை. எல்லாரும் ஒரே வார்த்தைதான். கல்லுக்கை சரின்னா எங்களுக்கும் சரிங்கறாங்க. இதுவும் போச்சுன்னா மாடியைக் காலி பண்ணிட வேண்டியதுதான். காலையில கிளம்பும்போது அவ என் முகத்தைக்கூடப் பார்க்கலை."

கல்லுக்கைக்கு மனசு கேட்கவில்லை. அன்று எதுவுமே சரியாக ஓடவில்லை. காலையிலிருந்து இரண்டு கம்பிகள் இடம் தவறி ஒட்டியிருந்தன. முதலில் இந்தக் கண்ணாடியை மாற்றித் தொலைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி, கடைசியா ஒரு தடவை பார்த்துடலாம்," என்று அவள் எடுத்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"இதைக் கொஞ்சம் பிடிடி, வந்துடறேன்."

வாங்கிக்கொண்டது பக்கத்து மேசை வாயாடி. தொழில் பழக்கத்தில் முழங்கையை ஊன்றிப் பிடித்துக்கொண்டு, நின்றவருக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள்.

"விடுங்கண்ணே. எங்க மாமியாரை விடவா இது படுத்துது? நேத்து பாருங்க, நான் அலமாரியைப் பூட்டினேனாம், அவங்க திறந்தாங்களாம், உள்ள இருந்த என் புதுச் செருப்பைப் போட்டுக்கிட்டுக் கடைக்கே போயிட்டு வந்து, ‘கடிக்குதுடி, மாத்திட்டு வா’ங்கறாங்க! அதுக்கு நான் என்ன சொன்னேன்னா... ஐயோ! அக்கா! ஓடி வாங்க! நிலா வந்துடுச்சு!"

எல்லோரும் எழுந்து ஓடி வந்தார்கள். ஆமாம், திரையில் பிறை நிலா.

"உன் மாமியார் கதையைக் கேட்டா எதுதான்டி தூங்காது!" என்றது ஒரு குரல். பட்டறையே சிரித்தது. அயர்ன் கொண்டுவந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

மேனேஜர் அறையிலிருந்து வந்த கல்லுக்கை சிரிக்கவில்லை. "கொடு," என்று வாங்கினாள். முழங்கையை ஊன்றி, திரையைத் தன் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிடம் ஆனது. விடாமல் இன்னொரு நிமிடமும் பார்த்தாள்.

"தேறிடுச்சு தம்பி," என்றாள். "போய் வீட்டுல சொல்லுங்க."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "எல்லாம் உங்க கைராசிக்கா! நல்லா இருக்கணும் அந்தக் கை!" வாசலைத் தாண்டுவதற்குள் மனைவிக்கு போன் போட்டுவிட்டார். மனிதர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை.

"ஏன்கா உம்முன்னு இருக்கீங்க? ஒரு குடும்பம் பொழைச்சுதே!" என்றாள் வாயாடி.

"சந்தோஷம்தான்டி. சத்தியமா சந்தோஷம்தான்."

எல்லோரும் அவரவர் மேசைக்குப் போனதும் அவள் சோதனைப் படிவத்தை எடுத்தாள். சூடு சரி. எடை சரி. தூக்கம் சரி. ‘கண்ட குறை’ என்ற இடம் வந்தது. வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக எழுதினாள்:

"குறை கருவியில் இல்லை. மூன்று வாரமாக அதைத் தூங்கவிடாமல் செய்தது என் கை நடுக்கம்தான். இனிமேல் சோதனைக்கு வேறு கையைப் பார்த்துக்கொள்ளவும்."