உறவு: கணவர்

"ஒருத்தர்தான், எலாடியாம்மா. அதுவும் கால் மணி நேரம். அஞ்சு பேரையும் உள்ள விட முடியாது" என்றாள் நர்ஸ் நியேவெஸ்.

"அஞ்சையும் பெத்தவ நான். கால் மணி நேரத்துல ஒண்ணைக்கூடப் பெத்ததில்லை" என்றார் எலாடியா.

அவருக்கு எண்பத்தேழு வயது. காலையில்தான் டாக்டர் மெர்ச்சான் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். நுரையீரல் இனித் தேறாது. செயற்கைச் சுவாசக் குழாயெல்லாம் வேண்டாம், வலியும் திணறலும் தெரியாமல் மார்ஃபின் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று. அந்தக் கொரோனா வார்டில் அப்படிப்பட்டவர்களுக்கு மட்டும், வெளியிலிருந்து ஒருவர் ஒரே ஒரு முறை வந்து பார்க்க அனுமதி உண்டு.

"மூத்தவர் ஃபெர்மினை வரச் சொல்லவா?"

"அவன் வந்தா மத்த நாலு பேரும் அவன்கூடப் பேச மாட்டானுங்க. எங்கம்மா சாகும்போது என் தங்கச்சியை மட்டும்தான் உள்ள விட்டாங்க. இருபத்திரெண்டு வருஷம் நான் அவகிட்ட பேசலை."

"அப்புறம் பேசினீங்களா?"

"அப்புறம் அவ செத்துட்டா."

"அதுக்காக யாருமே வேண்டாமா? தனியாவா இருப்பீங்க?"

நியேவெஸுக்கு அதுதான் தாங்கவில்லை. அந்த மாதம் மட்டும் பதினோரு பேர் அவளுடைய கையுறையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்திருந்தார்கள். இவருக்காவது சொந்த மனிதரின் கை ஒன்று கிடைக்க வேண்டும்.

"வேண்டாம்னு யாரு சொன்னா? டாக்டரைக் கூப்பிடு, அவர்கிட்ட சொல்லிக்கிறேன். நீ கொஞ்சம் வெளிய இரு கண்ணு."

எலாடியா சொல்லச் சொல்ல டாக்டரே படிவத்தை நிரப்பி, போன் நம்பரையும் தேடி எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் வார்டு போன் அடித்தது. ஃபெர்மின்.

"சிஸ்டர், எங்கம்மா யாரைக் கூப்பிட்டிருக்காங்க தெரியுமா? உறவுங்கிற இடத்துல கணவர்னு போட்டிருக்காம்! எங்கப்பா செத்து இருபது வருஷம் ஆச்சு!"

"மருந்து மயக்கமா இருக்கும், சார்."

"மயக்கத்துல போன் நம்பர் வருமா? குடும்பப் பேரே வேறயாம். அதைக் கேட்டா, 'நம்ம நாட்டுல கல்யாணமானாலும் அவங்கவங்க குடும்பப் பேருதானே, புருஷன் பொண்டாட்டின்னா வேறயாத்தானே இருக்கும்'னு ஆபீஸ்ல எனக்கே பாடம் எடுக்கறாங்க. ஆள் யாருன்னு மட்டும் சொல்ல மாட்டாங்களாம். தம்பி தமாசோ அழுதுட்டு இருக்கான்!"

நியேவெஸ் திரும்பி வந்தாள்.

"உங்க பிள்ளைங்க அஞ்சு பேரும் ஒண்ணாச் சேர்ந்து பேசிட்டு இருக்காங்க."

"பரவாயில்லையே. அவங்கப்பா சாவுக்குக்கூட அது நடக்கலை."

"யாரும்மா அந்த ஆளு? எப்படி இருப்பாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் பார்த்ததே இல்லையே."

நியேவெஸ் மார்ஃபின் அளவை ஒரு முறை சரிபார்த்தாள்.

"அந்தக் கால் மணி நேரமும் ஒரு நர்ஸ் உள்ளயே இருக்கணுமாமே, நீதான் இருக்கணும். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் எலாடியா.

மாலை நான்கு மணிக்குக் கதவு திறந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, முகக்கவசம், பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பது ஓர் ஆண் என்பது மட்டும் தெரிந்தது. கட்டிலைப் பார்த்துப் பணிவாகத் தலையசைத்துவிட்டு அங்கேயே நின்றான்.

"கிட்ட வாங்க. கையைப் பிடிச்சுக்கலாம், பயப்படாதீங்க" என்றாள் நியேவெஸ்.

அவன் நெருங்கி வந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப இளைச்சுட்டே, நியேவெஸ்" என்றான் ரோமான்.

நாற்பத்தொரு நாளாக வீட்டுக்குப் போகாதவள் கணவனின் குரலைக் கேட்டு அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். எலாடியா மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"உறவு என்னன்னுதான் கேட்டிருந்தாங்க கண்ணு. யாருக்குன்னு கேக்கலை."