பிஸ்தா பச்சை

கல்யாண மேடைக்குப் பிஸ்தா பச்சை என்று முடிவாகியிருந்தது. அதே நிறத்தில் நூறு புறாக்களைப் பறக்கவிடலாம் என்று அலங்காரக்காரர் மாதிரிக்கு ஒன்றைச் சாயத்தில் முக்கி எடுத்துவந்திருந்தார். சிறகுகள் ஒட்டிப்போய், அலகோரம் பச்சை நீர் வடிய, அது அவர் கையில் நடுங்கிய கண்றாவியைப் பார்த்து மணப்பெண் யாழிசை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாயம் எப்பங்க போகும்?" என்று கேட்டாள்.

"அதுவரைக்கும் புறா தாங்காதும்மா. அரை மணி நேரம் பறந்தா நமக்குப் போதுமே."

வருங்கால மாமியார் புறாவை வாங்கி, மேடைத் துணியோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இன்னொரு முக்கு முக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு அந்தப் பச்சை விரல்களாலேயே யாழிசையின் முகவாயைப் பிடித்து, துணிப் பக்கமாக, வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"பார்லர்ல சொல்லி இவளுக்கும் ரெண்டு கோட்டு கூட அடிக்கணும்."