குகைக்குப் போனவனுக்கு என்ன பெயர்

"உங்க தம்பியை என்னன்னு போடறதும்மா?"

அவசர உதவி எண்ணில் பேசிய ஆள் மூன்றாவது முறையாகக் கேட்டார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குகைக்குள் போனவன் என்று சொல்லியாயிற்று. காலை ஒன்பதுக்குத் தனியாக இறங்கினான், நாலு மணிக்குள் வெளியே வந்து போன் பண்ணுகிறேன் என்றான், இப்போது மணி ஐந்தரை. அதையும் சொல்லியாயிற்று. எந்த மலை, எந்த ஓடைக்குப் பக்கம் என்று அவன் எழுதிவைத்துவிட்டுப் போன காகிதத்தை எழுத்து விடாமல் படித்தும் காட்டியாயிற்று.

ஆனால் அந்த ஆளின் கணினியில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம். மலை ஏறுகிறவர் இருந்தார். சுரங்கத் தொழிலாளி இருந்தார். கிணற்றில் விழுந்தவர்கூட இருந்தார்.

இந்தக் குகைக்காரர்களுக்கும் பெயர் உண்டு. தம்பி பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். ஆராய்ச்சிக்குப் போனால் ஒரு பெயர், ஆசைக்குப் போனால் வேறு பெயர், விளக்கும் கயிறும் இல்லாமல் செருப்போடு போய் மாட்டிக்கொள்கிற அரைகுறைகளுக்கு இன்னொரு பெயர். அந்த மூன்றாவதை மட்டும் அவனைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது, முகம் தொங்கிவிடும்.

அக்கா எதையும் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவளுக்கு அவன் பொந்துக்குள் போகிறவன், அவ்வளவுதான். வாரம் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடையில் இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்பான், ஏழாம் நாள் தலை முதல் கால் வரை சேறாக வந்து நிற்பான். துவைக்கிறவளுக்குத்தானே அந்த அருமை தெரியும்!

இப்போது அந்த மூன்றில் ஒன்றாவது ஞாபகத்துக்கு வரக் கூடாதா?

"சுரங்கத் தொழிலாளின்னே போட்டுக்குங்க சார், முதல்ல ஆளை வெளிய கொண்டாங்க!"

அப்படிப் போட்டால் வேறு துறைக்குப் போய்விடுமாம்.

கடைசியில் அவர் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். தீயணைப்புக்காரர்கள் குகை வாசலோடு நின்றுவிடுவார்களாம். உள்ளே சிக்கியவனை எடுக்க, உள்ளே போய்ப் பழகியவர்கள்தான் இறங்க வேண்டுமாம். அவர்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு மீட்புக் குழு வைத்திருக்கிறார்கள். குழுவுக்கு ஒரே போன். வாரம் ஒருவர் முறைபோட்டு அதை வைத்திருப்பார். அவரிடம் சொன்னால் போதும், மற்ற எட்டுப் பேரையும் அவரே கூப்பிட்டுவிடுவார்.

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

எண்ணைக் காகிதத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். இவ்வளவு நேரம் கோபத்தைப் போட்டு மூடிவைத்திருந்த பயம் இப்போதுதான் வெளியே வந்தது.

எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. பக்கத்து அறையிலும் அடித்தது.

போனைக் காதில் வைத்தபடியே போய்ப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் தம்பியின் நேற்றைய சட்டை தொங்கியது. அதன் பைக்குள் ஒரு பழைய பட்டன் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. திரையில் அவளுடைய எண்.

இந்த வாரம் அவன் முறை.

அந்தப் போனுக்குள் எட்டே எட்டு எண்கள் இருந்தன. அக்கா முதல் எண்ணை அழுத்தினாள். ஒரே மணியில் எடுத்தார்கள்.

"சொல்லுடா, எவன் மாட்டிக்கிட்டான்?"