பக்கத்து வீட்டுப் பிரானா

"பிரானாவாம் பிரானா! மனுஷன் வளர்க்கிற மீனா அது?"

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நோரீன் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. அதைவிடச் சூடாக இருந்தாள் அவள்.

இருக்காதா பின்னே? வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையைக் காப்பாற்றும் குழுவுக்கு அவள்தான் தலைவி. எவனோ தொட்டியில் வளர்த்து, சலித்துப்போய்க் கொட்டிவிட்ட திலாப்பியா கண்டபடி பெருகி, ஓடையின் சொந்த மீன்களையெல்லாம் ஒழித்துக்கட்டிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தூண்டிலோடு உட்கார்ந்து, அந்தச் சனியனைப் பிடித்துப் பிடித்து அவளுக்கு முதுகே போய்விட்டது.

இப்போது பக்கத்து வீட்டு விலிமோனி, துணி துவைக்கிற அறையில் கண்ணாடித் தொட்டி வைத்து ஐந்து பிரானா வளர்க்கிறான்!

காற்றில் அவன் வீட்டுப் பக்கம் பறந்துபோன தலையணை உறையை எடுக்கப் போனபோது கண்ணால் பார்த்துவிட்டாள். உள்ளங்கை அகலம், சிவந்த வயிறு, சதையைக் கிழிக்கிற ரம்பம் மாதிரிப் பல். இந்த நாட்டுக்குள்ளேயே இருக்கக்கூடாத மீன். சனிக்கிழமையே போன் போட்டுப் புகார் கொடுத்துவிட்டாள். மூன்று நாள் விடுமுறை முடிந்து, செவ்வாய்க்கிழமை இன்றைக்குத்தான் மீன்வள அதிகாரி வந்திருக்கிறார்.

பிராடி என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. அவர் வந்து நின்றபோது விலிமோனி மீன்களைத் தண்ணீர் நிரப்பிய ஐஸ் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

"பாருங்க தம்பி, நல்லா பாருங்க! ஓடையில விடத்தான் கிளம்பிட்டான்!"

"இல்லைங்க. உங்க ஆபீசுக்குத்தான் கொண்டுவர இருந்தேன். மூணு நாளா பூட்டியிருந்துச்சு," என்றான் விலிமோனி. ஃபிஜிக்காரன். ஆறடி உயரம், முதியோர் இல்லத்தில் வேலை. குரல் மட்டும் எப்போதும் நோயாளி பக்கத்தில் பேசுகிற மாதிரிதான் இருக்கும்.

பிராடி உதட்டைப் பிதுக்கினார். "நீங்களா கொண்டுவந்து ஒப்படைச்சிருந்தா, ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டோம். இப்ப புகார் முந்திக்கிச்சு. கேஸ்தான்."

"கேஸா?" விலிமோனியின் கையிலிருந்து வலை நழுவியது. "குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கேங்க. அடுத்த மாசம் வந்துடும்னாங்க. கேஸ்னு ஒண்ணு வந்துட்டா எல்லாமே போச்சு."

"அப்ப யார் கொடுத்ததுன்னு சொல்லிடுங்க. எங்களுக்கு அந்த ஆள்தான் வேணும். உங்களை எச்சரிக்கையோட விட்டுடறேன்."

விலிமோனி தரையைப் பார்த்தான். "அதை மட்டும் கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

நோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னடா பெரிய வாக்கு! எவனோ ஒரு படுபாவி இந்தப் பிசாசை இங்க கொண்டுவந்து இறக்கியிருக்கான். அவனுக்கு நீ காவலா? அவனை நடுத்தெருவுல நிறுத்தி நாலு அறை விடணும். பேரைச் சொல்றியா இல்லையா?"

அவன் குனிந்து வலையை எடுத்தான்.

"தம்பி, ஒண்ணு விடாம எழுதிக்குங்க. எங்க கூப்பிட்டாலும் வந்து சாட்சி சொல்றேன்!"

வலைக்கதவைப் படாரென்று அறைந்துவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் புருஷன் கிளைவ் உட்கார்ந்திருந்தான். முன்னால் இருந்த டீ ஏடு கட்டிப்போயிருந்தது.

"கேட்டியா கிளைவ், அவன் திமிரை? வாக்குக் கொடுத்துட்டானாம் வாக்கு!"

"நோரீன், அந்த வாக்கை வாங்கினதே நான்தான்."

"என்ன உளர்றே?"

"ஷெட்டுல ஒரு தொட்டி வெச்சிருந்தேன், நீ எட்டிக்கூடப் பார்க்காத மூலையில. சில்வர் டாலர், இலை தழை தின்கிற சாதுவான மீன்னு சொல்லித்தான் ஒருத்தன் என் தலையில கட்டினான். வளர வளரத்தான் பல்லு தெரிஞ்சுது. குழுவோட தலைவி வீட்டுலயே பிரானான்னா ஊரே சிரிக்குமே. பயந்துபோய் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாளியோட ஓடைக்குப் போனேன்."

"ஓடைக்கா? என் ஓடைக்கா போனே? அட பாவி மனுஷா!"

"கவுத்திருப்பேன். அவன்தான் ஓடிவந்து வாளியைப் பிடுங்கிட்டான். 'அண்ணே, அக்கா இந்தத் தண்ணிக்காக எத்தனை வருஷமா உயிரை விடறாங்க, நீங்களே இதைச் செய்யலாமா? எங்கிட்ட கொடுங்க, நான் ஒப்படைச்சுடறேன், உங்க பேர் வெளிய வராது'ன்னான். தொட்டியையும் அவன் வீட்டுக்கே தூக்கிக் கொடுத்துட்டேன்."

எங்கே, அந்த நாலு அறையை இப்போது விட வேண்டியதுதானே? நோரீனுக்குக் கை எழவில்லை.

"அவன் வாழ்க்கை என்னால கெட வேணாம். போய் உண்மையைச் சொல்லிடறேன்," என்று கிளைவ் எழுந்தான்.

அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "சும்மா உட்காரு."

அதற்குள் கதவு தட்டும் சத்தம். பிராடி நின்றிருந்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். பேப்பர்ல அவர் கையெழுத்து வாங்கிட்டா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை. பார்க்கவே பாவமா இருக்கு. அவருக்கு இதை யார் கொடுத்திருப்பாங்கன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

நோரீனுக்குப் பின்னால் கிளைவின் நாற்காலி கிறீச்சிட்டது. கதவைப் பாதி சாத்தி, அந்த இடைவெளியை மறைத்து நின்றுகொண்டாள்.

"அவங்க ஊர்க்காரன் எவனாவது கொடுத்திருப்பான், தம்பி. நம்ம ஆளுங்க இப்படியெல்லாம் செய்வாங்களா?"